ரெண்டு விசில் கொடுத்தால் நகரும் கால்

பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் உள்ளவர் நிலைப்படியில் கால் ஒட்டி நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. எங்கள் அம்மா ஒருநாள் இழுத்தார். அப்பாவின் மேல் உடம்பு வந்தது, கால் வரவில்லை. கிரைண்டர் மேடையில் நெற்றி மோதி நான்கு தையல். தையல் போட்டு வந்த அன்று இரவு அப்பா கேட்டார்: "ஏ தாயி, காலு தரையில பசை போட்டு ஒட்டுன மாதிரி இருக்கு. எனக்குப் போகணும்னுதான் இருக்கு, காலுக்குத் தெரிய மாட்டேங்குது. இது என்ன சீக்கு?"

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மதுரை–குமுளி ரூட். வேலையின் கடைசி வருடத்திலேயே, டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸில் அவர் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துக்கொண்டே போனது. அதுதான் ஆரம்பம் என்பது மூன்று வருடம் கழித்து, நடக்கும்போது இடது கை வீசாமல் தொங்கியதைப் பார்த்து டாக்டர் சொன்னபோதுதான் புரிந்தது. இப்போது அவருக்கு 68 வயது. நான் உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஏழு வருடம் கூடவே இருந்து பார்த்ததையும், டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அப்பாவின் கேள்விக்கு அவர் பாஷையிலேயே பதில் சொன்னேன். பஸ்ஸை ஓட்டுவது டிரைவர்தான். ஆனால் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுக்காமல் பஸ் நகராது. மூளையின் மேல்பட்டை டிரைவர் மாதிரி. எங்கே போகணும், எதை எடுக்கணும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்று சில முடிச்சுகள் இருக்கின்றன. அவைதான் கண்டக்டர். சும்மா இருக்கும்போது அவை பிரேக்கைப் பிடித்தபடியே வைத்திருக்கும். வேண்டிய அசைவுக்கு மட்டும் பிரேக்கைத் தளர்த்தி "ரைட்" கொடுக்கும், வேண்டாததற்குக் கொடுக்காது. விசில் ஊத மூச்சு வேண்டுமல்லவா? அந்த மூச்சுதான் டோபமின் என்ற மூளை ரசாயனம். மூளைத்தண்டின் மேல் பகுதியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. அங்கே உள்ள செல்களில் மெலனின் வகை நிறமி இருப்பதால் அந்தக் கறுப்பு. அந்தச் செல்கள்தான் டோபமினை மேலே அனுப்புகின்றன. பார்க்கின்சனில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. விசில் கையில் இருக்கிறது, ஊத மூச்சில்லை.

"அப்ப டிரைவர் நல்லாத்தான் இருக்கான்" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இந்தக் கண்டக்டர் ஒரே ரூட்டில் ஓடுகிறவர் இல்லை என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. 1986-ல் அலெக்ஸாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த ஆழப் பகுதி வழியாகப் பல தனித்தனிச் சுற்றுகள் ஓடுவதை எழுதினார்கள். மேல்பட்டையில் கிளம்பி, ஆழத்து முடிச்சுக்குள் இறங்கி, மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் வழியாகத் திரும்ப மேலேயே வந்து சேரும் டிரிப்புகள். வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று தெரிந்தால் போதும். அந்த முடிச்சுகளில் புட்டாமென் என்பதன் வழியாகப் போவது அசைவுக்கு. காடேட் வழியாகப் போவது திட்டமிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்ற. அடியில் இருக்கும் நியூக்ளியஸ் அகம்பன்ஸ் வழியாகப் போவது ஆசைக்கு, ஆர்வத்துக்கு. மூன்றுக்கும் டோபமின் வேண்டும். அதனால்தான் கால் மட்டும் நிற்பதில்லை. யோசனையும் நிற்கும், "எனக்கு வேணும்" என்ற எண்ணமும் நிற்கும். நாங்கள் கால் நின்றதற்கு மருந்து கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் வயசான பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கால் ஒட்டிக்கொண்டால்

உள்ளே இருந்து விசில் வரவில்லை என்றால் வெளியே இருந்து கொடுக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் வரும் சைகை, பழுதான இந்த ஆழத்து வழியை அவ்வளவாக நம்பாமல் வேறு பாதையில் காலுக்குப் போய்ச் சேர்கிறது. வெறும் தரையில் ஒட்டிக்கொள்ளும் கால், படிக்கட்டில் அழகாக ஏறுவது இதனால்தான். அப்பா மாடிப்படி ஏறுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் "நடிக்கிறாரோ" என்று கேட்டார். அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

ஒட்டிக்கொண்ட உடனே செய்ய வேண்டியது: நில்லுங்கள். தள்ளிப் பார்ப்பதை விடுங்கள். அவரும் தம் பிடித்து முன்னால் சாயக் கூடாது. சாய்ந்தால் தலை போகும், கால் போகாது. ஒரு மூச்சு இழுத்து நிமிர்ந்து நிற்கட்டும். பிறகு எடையை இடது காலுக்கு, வலது காலுக்கு என்று இரண்டு மூன்று தடவை மெல்ல மாற்றட்டும். ஒரு காலில் எடை இறங்கினால்தான் மற்றக் கால் தூக்க வரும். அதன் பிறகு சைகை.

பிசியோதெரபிஸ்ட் கைதட்டச் சொன்னார். அம்மாவுக்கு வெட்கம். நான் அப்பாவின் பழைய விசிலைத் தேடினேன். பீரோவில் பென்ஷன் புத்தகத்தோடு, நூல் கயிறு அழுக்கேறி, உள்ளே இருக்கும் உருண்டை காய்ந்து கிடந்தது. கழுவி ஊதினேன். அப்பா கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். கால் விரல்கள் மட்டும் தரையை நெருடிக்கொண்டிருந்தன. குட்டையாக ரெண்டு விசில். வலது கால் மேலே வந்து நிலைப்படியைத் தாண்டியது. தாண்டிய பிறகு அவரே திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இன்னொரு தடவை ஊது" என்றார்.

எல்லா நாளும் இப்படி நடக்காது. பத்துக்கு ஆறு ஏழு தடவை கேட்கும். ஒரே சைகை நாளாக ஆகச் சலித்தும் போகும், மாற்ற வேண்டும். இப்போது அப்பா தனக்குத்தானே ஸ்டாப்பிங் பெயர் சொல்லி எட்டு வைக்கிறார். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி. ஒரு பேருக்கு ஒரு எட்டு. கழிவறை போய்ச் சேர்வதற்குள் கம்பம் வந்துவிடுகிறது.

தரையில் கோடு போடுவது இன்னும் நம்பகமானது. எங்கள் வீட்டில் சிவப்புத் தரை, அதனால் மஞ்சள் இன்சுலேஷன் டேப். முதலில் நான் செய்த தப்பு, நடக்கும் திசையிலேயே நீளமாக ரெண்டு கோடு ஒட்டியது. ஒரு பயனும் இல்லை. கோடு குறுக்கே இருக்க வேண்டும், தாண்டுவதற்கு ஒன்று இருந்தால்தான் கால் தூக்கும். இடைவெளியை அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் வைக்கும் எட்டை அளந்து முடிவு செய்யுங்கள். அப்பாவுக்கு ஒன்றரை அடி. கட்டிலிலிருந்து கழிவறை வரை, சமையலறை நிலைப்படிக்கு முன்னும் பின்னும், சாப்பாட்டு நாற்காலிக்கு முன்னால். மற்ற இடத்துக்கு வேண்டாம், வீடு முழுக்கக் கோடு போட்டால் எதுவும் கண்ணில் நிற்காது. கால்மிதியை எடுத்துவிடுங்கள்.

திரும்பும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று காலை மாற்றித் திரும்ப விடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் பஸ் வளைந்து திரும்புகிற மாதிரி அகலமாகச் சுற்றி வரட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் டம்ளரும் கொடுக்காதீர்கள். நமக்கு நடை தானாக ஓடுகிற வேலை. அவருக்கு ஒவ்வொரு எட்டும் டிரைவர் தனியாகக் கவனித்து வைக்கிற எட்டு. அந்தக் கவனத்தைப் பேச்சு தின்றுவிடும்.

மாத்திரையும் நோட்டும்

டோபமினை அப்படியே மாத்திரையாகக் கொடுக்க முடியாது, ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது. லெவோடோபா நுழையும், நுழைந்து டோபமினாக மாறும். கூடவே இருக்கும் கார்பிடோபா, வழியிலேயே அது மாறிவிடாமல் காக்கும். டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் "நூத்திப்பத்து" என்று சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான்: லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10 மில்லிகிராம்.

அப்பா ரெண்டு வருடம் அந்த மாத்திரையைப் பாலில் விழுங்கினார். வயிறு புண்ணாகக் கூடாதாம். பாலில், பருப்பில், முட்டையில் இருக்கும் புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவுக்குப் போட்டி போடுகிறவை. புரதம் நிறைய வந்தால் மருந்து வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் என்று மாற்றியதும் காலை நடையில் வித்தியாசம் தெரிந்தது. குமட்டினால் ரெண்டு பிஸ்கட் கொடுக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள், சேர்ந்து போனால் இதை உறிஞ்ச விடாது. மாத்திரை தீர்ந்துபோய் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. காய்ச்சலும் விறைப்புமாக ஐசியு வரை கொண்டுபோய் விடலாம். எங்கள் வீட்டில் பத்து நாளுக்கானது எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

இனி நோட்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு, ஒரு நாளுக்கு ஒரு பக்கம், காலை ஆறு முதல் இரவு பத்து வரை மணிவாரியாகக் கோடு. மூன்று கட்டம்: கால், மனசு, யோசனை. மாத்திரை போட்ட நேரத்தில் சிவப்புப் புள்ளி. காலுக்கு "ஓடுது" அல்லது "நிக்குது". மனசுக்கு ஒரு சொல்: சரி, பயம், அழுகை, ஒன்றும் வேண்டாம். யோசனைக்கு: தெளிவு, மந்தம், குழப்பம். ஐந்து நாள் எழுதினால் போதும், அதற்கு மேல் எழுதச் சலிப்பாகிவிடும்.

எங்களுக்கு அந்த நோட்டு சொன்ன விஷயம் இது. அப்பாவுக்கு அடிக்கடி படபடப்பு வரும். "மூச்சு முட்டுது, என்னமோ நடக்கப் போகுது" என்று அம்மா கையைப் பிடித்துக்கொள்வார். ரெண்டு தடவை ஈசிஜி எடுத்தாகிவிட்டது, இதயத்தில் ஒன்றும் இல்லை. மனப்பிராந்தி என்று சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். ஐந்து பக்கத்தையும் கடை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தபோது "பயம்" என்று எழுதியது எல்லாம் பதினோரு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவிலேயே விழுந்திருந்தது. சிவப்புப் புள்ளி ஏழு மணிக்கும் ஒரு மணிக்கும். அதே கட்டத்தில் கால் "நிக்குது", யோசனை "மந்தம்". காலை மாத்திரையின் வேகம் இறங்கும்போது மூன்று ரூட்டும் சேர்ந்தே நின்றிருக்கிறது. நாங்கள்தான் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறோம். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாத்திரைகளின் இடைவெளியைக் குறைத்து நான்கு வேளையாக்கினார். படபடப்பு முழுதாகப் போகவில்லை. மந்திரிக்கப் போகிற அளவுக்கு இல்லை.

முகம் சிரிக்காவிட்டால்

என் மகனின் காதுகுத்தில் தாத்தா சிரிக்கவே இல்லை. மொய் எழுதிய சித்தப்பா, "மாப்பிள்ளை வீட்டோட என்னமும் மனஸ்தாபமா?" என்று என்னிடமே கேட்டார். சிரிப்பதும் ஒரு அசைவுதான், அதற்கும் ரைட் வேண்டும். முகத்தசை இறுகிப்போய் முகமூடி மாதிரி ஆகிவிடும், உள்ளே சந்தோஷமாகவே இருக்கலாம். விசேஷத்துக்கு முன்னாலேயே சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள். அவரிடம் "சந்தோஷமா இருக்கீங்களாப்பா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

ஆர்வம் நின்றுபோவதையும் துக்கத்தையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். துக்கம் என்றால் அழுகை, குற்ற உணர்ச்சி, "நான் பாரமாயிட்டேன்" என்ற பேச்சு இருக்கும். ஆர்வம் நின்றவருக்கு வருத்தமும் இருக்காது, வெறுமனே தோன்றாது. டிவி சேனல் மாற்றத் தோன்றாது, குளிக்கத் தோன்றாது. அவரிடம் "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" தான் வரும். துண்டையும் சோப்பையும் எடுத்து வைத்து, வெந்நீர் விளாவி, "வாங்கப்பா, தண்ணி ஆறிடும்" என்று கூடவே நடந்தால் வருவார். பாதி வழியில் அவராகவே செய்வார். ஆரம்பம்தான் நம் வேலை. துக்கம் அப்படிப் போகாது, அதற்குத் தனி மருந்து உண்டு. பார்க்கின்சனில் அது மூளையின் ரசாயன மாற்றத்தாலும் வரும், நோய் வந்த கவலை மட்டும் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். செத்துவிடலாம் என்று ஒரு தடவை சொன்னாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

மனசும் அசைவும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது நம் ஊர்ச் செடி ஒன்றால்தான் வெளிச்சத்துக்கு வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை 1950-களில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு மனசு சோர்ந்துபோனது, சிலருக்கு உடம்பு பார்க்கின்சன் மாதிரி இறுகியது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார், அசையாமல் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்து ஓடின. 2000-ல் நோபல் பரிசு அவருக்கு வந்தது.

டோபமின் குறைந்தால் ஆசை போகும். மருந்தால் கூடினால்? அப்பாவுக்கு ஒரு கட்டத்தில், மூளையில் டோபமின் மாதிரியே வேலை செய்யும் பிராமிபெக்ஸோல் மாத்திரையைச் சேர்த்தார்கள். நடை தேறியது. நாலாவது மாதம் அவர் தலையணை உறைக்குள் கேரளா லாட்டரிச் சீட்டு நாற்பது இருந்தது. குமுளி போய் வரும் பழைய சகாக்களிடம் சொல்லி வாங்கியிருக்கிறார். வேலையில் இருந்தபோது தினம் குமுளி போய் வந்தும் ஒரு சீட்டு வாங்காத மனுஷன். நான் கத்தினேன், அதற்கு இப்போதும் வருத்தம். அந்த வகை மருந்தால் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்படாமல் பொருள் வாங்குவது, நடு ராத்திரியில் தின்பது, காம எண்ணம் மிகுவது எல்லாம் வரும். வெட்கத்தில் அவர்கள் சொல்ல மாட்டார்கள். பாஸ்புக்கைப் பாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்ததும் சீட்டு நின்றது.

யோசனைக்கு நேரம்

ஓடும் பஸ்ஸில் நூறு ரூபாய்க்குச் சில்லறையை விரல் நுனியில் கணக்குப் பார்த்தவர், இப்போது ஐநூறு ரூபாய்க்கு மீதி எண்ண மூன்று நிமிடம் எடுக்கிறார். விடை சரியாகத்தான் வருகிறது. வேகம்தான் போனது. அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் திணறுவார், "தோசையா இட்லியா?" என்றால் உடனே சொல்வார். ஞாபகம் உள்ளே இருக்கிறது, தேடி எடுத்து வருவதுதான் கஷ்டம். கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். ஒரு வேலை நடுவில் இன்னொரு வேலை சொல்லாதீர்கள்.

இல்லாத ஆள் தெரிகிறார் என்றாலோ, ரெண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினாலோ அது இந்த மந்தம் இல்லை. சிறுநீர்த் தொற்று, புது மாத்திரை என்று வேறு காரணம் இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

சட்டைப்பையில் ஒரு அட்டை

போன வருடம் அப்பாவுக்கு வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். பார்க்கின்சன் என்று நானும் சொல்ல மறந்தேன், அவர்களும் கேட்கவில்லை. ரெண்டு நாள் கட்டை மாதிரி கிடந்தார். அந்த ஊசி டோபமின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். தலைச்சுற்றலுக்கு மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், புத்தி குழம்பினால் கொடுக்கும் ஹாலோபெரிடால் எல்லாம் அதே கதைதான். இந்த நான்கு பேரையும், அவர் சாப்பிடும் மாத்திரைகளையும், வேளையையும் ஒரு அட்டையில் எழுதி லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். என் கடையில் இந்த அட்டைக்கு லேமினேஷன் காசு வாங்குவதில்லை.

பூனைக்காலி விதைப் பொடி சொல்லிக் கொடுக்க ஊரில் ஆள் இருக்கும். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து பிரித்து எடுத்திருக்கிறார்கள். அதனாலேயே டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பொடியில் எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு எங்கேயோ போய் நிற்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டு, அட்டை, இரண்டோடு செல்போனில் ரெண்டு வீடியோ. மாத்திரைக்கு முன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, அரை நிமிடம் போதும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எங்கள் அப்பா யூனிஃபார்ம் போட்ட மாதிரி விறைப்பாக நடந்து காட்டுவார், வீட்டில் நடப்பதை டாக்டர் பார்க்கவே முடியாது. முன்னால் நின்று எடுக்காதீர்கள், உங்களைப் பார்த்து நடந்தால் அதுவே ஒரு சைகையாகிவிடும். பக்கவாட்டில் நின்று, பாதம் தெரிகிற மாதிரி, நிலைப்படியும் சேர்ந்து வருகிற மாதிரி எடுங்கள். விசில் ஊதாமல்.